பழைய படத்தைப் பழிக்கும் முன்னால் டிவி செட்டிங்கைப் பாருங்கள்

கேள்வி: பத்து வயதில் வீடியோ கேசட் தேயத் தேயப் பார்த்த படம் ஒன்றைப் புதிதாக வாங்கிய 55 அங்குல டிவியில் குடும்பத்தோடு பார்த்தேன். நடிகர்கள் வழுக்கிக்கொண்டு நடப்பதுபோல, டிவி சீரியல் மாதிரி இருந்தது. பாட்டெல்லாம் சுருதி இறங்கி மந்தமாகக் கேட்டது. நன்றாக நினைவிருக்கும் ஒரு காட்சி வரவே இல்லை. படமே சுமார்தானா, இல்லை என் ரசனை மாறிவிட்டதா?

பதில்: ரசனையை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த வழுக்கல். சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம். புது டிவிகள் இரண்டு ஃபிரேமுக்கு நடுவே இல்லாத ஃபிரேம்களைத் தாமாகவே உண்டாக்கிச் செருகுகின்றன. கிரிக்கெட்டுக்கு அது சரி, சினிமாவைக் கெடுத்துவிடும். பிக்சர் செட்டிங்கில் சாம்சங் என்றால் பிக்சர் கிளாரிட்டி, எல்ஜி என்றால் ட்ரூமோஷன், சோனி என்றால் மோஷன்ஃப்ளோ என்று இருக்கும். அணைத்துவிடுங்கள். ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதைப் போட்டாலே போதும். பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: நிறைய டிவிகளில் இந்த மாற்றம் ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி. பென் டிரைவில் படம் ஓடும்போது அணைத்தது, ஓடிடி செயலியில் அணைந்திருக்காது. படத்தை ஓடவிட்டபடியே மாற்றுங்கள். அதோடு நாய்ஸ் ரிடக்‌ஷனையும் அணையுங்கள். ஃபிலிமுக்கே உரிய மணல் போன்ற பொடிப் புள்ளிகளைத் துடைப்பதாக நினைத்து முகங்களை மெழுகுப் பொம்மையாக்குவது அதுதான்.

பாட்டு விஷயத்தில் உங்கள் காதில் பழுதில்லை. பால் (PAL) என்பது இந்தியாவில் இருந்த பழைய டிவி ஒளிபரப்பு முறை. அந்த முறை டிவி விநாடிக்கு 25 ஃபிரேம் காட்டும். 24 ஃபிரேம் சினிமாவை அதற்கு மாற்றும்போது, பெரும்பாலும் அப்படியே வேகமாக ஓட்டிப் பதிந்துவிடுவார்கள். வேகம் 4 சதவீதம் கூடும். சுருதியும் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறும். நீங்கள் மனப்பாடம் செய்தது அந்த ஏறிய சுருதியை. இப்போது கேட்பதுதான் பாடியவரின் உண்மையான குரல் என்று கொள்ளலாம். (அமெரிக்கா போன்ற 60 ஹெர்ட்ஸ் முறை நாடுகளின் கேசட்டுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அங்கே ஃபிரேம்களைத் திரும்பக் காட்டிச் சமாளிப்பார்கள், வேகம் ஏறாது.)

காணாமல்போன காட்சிக்கும் இதே கணக்கு உதவும். சுருதி இறங்கிக் கேட்கும் பிரதி தியேட்டரில் ஓடிய நேரமே ஓட வேண்டும். பால் முறையில் வேகம் ஏற்றிய பிரதி என்றால் அந்த நேரத்தை 0.96-ஆல் பெருக்குங்கள். அந்தப் பிரதியில் 150 நிமிடப் படம் 144 நிமிடம் ஓடினால் ஒன்றும் வெட்டவில்லை, வேகம்தான் கூடியிருக்கிறது. 130 என்றால் கத்தரி விழுந்திருக்கிறது. வேறு பதிப்பு தேடுங்கள். நேரம் சரியாக இருந்தும் காட்சி இல்லையா? அதே நடிகரின் இன்னொரு படத்திலிருந்தோ, கேசட்டின் தொடக்கத்தில் வந்த டிரெய்லரிலிருந்தோ உங்கள் நினைவு அதை எடுத்து ஒட்டியிருக்கலாம். இது ரொம்ப சகஜம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: படத்தின் அகலம். சினிமாஸ்கோப் 2.35:1. பழைய டிவி 4:3. அந்தத் திரையை நிரப்பி வந்த கேசட்டில் படத்தின் 43 சதவீதம் பக்கவாட்டில் போயே போய்விட்டது. இப்போது ஓரத்தில் புது ஆட்கள் நிற்பதாகத் தோன்றினால், அவர்கள் அன்றும் அங்கேதான் நின்றார்கள். 4:3-இல் எடுத்த படத்துக்கு நேர்மாறு: அகலத் திரையை நிரப்ப ஜூம் செய்தால் உயரத்தில் கால் பங்கு காலி, நெற்றியெல்லாம் வெட்டுப்படும். இழுத்துவிட்டால் முகம் உப்பும். இருபுறமும் கறுப்புப் பட்டை இருக்கட்டும், தொடாதீர்கள். செட்டிங்கை மாற்றியும் நெற்றி திரும்பி வராவிட்டால், பதிவேற்றியவரே வெட்டிவிட்டார் என்று அர்த்தம்.

கிடைத்த பிரதி பழைய 576 வரித் தரம்தான் என்றால், அதை 2160 வரியுள்ள 4கே திரையில் விரித்தால் கலங்கித்தான் தெரியும். நாற்காலியைப் பின்னால் தள்ளுங்கள், அல்லது டேப்லெட்டில் பாருங்கள். வசனம் அமுங்கி இசை மட்டும் அலறினால், ஒலித் தேர்வில் பழைய மோனோ (ஒற்றைத் தட ஒலி) டிராக் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதெல்லாம் சரியான பிறகும் படம் சுமாராக இருந்தால், சுமார்தான். குழந்தைகள் கேசட்டை முழுசாகப் பார்ப்பது குறைவு. சண்டையையும் பாட்டையும் ரீவைண்ட் செய்து பார்ப்பார்கள், அழுகைக் காட்சியை ஓட்டிவிடுவார்கள். இப்போது சலிப்பூட்டும் பகுதிகள் உங்களுக்குப் புதியவையாகவே இருக்கலாம். அதனால் முதல் தடவை தனியாகப் பாருங்கள். பிள்ளைகளோடு பார்க்கும்போது, "இப்ப வரப்போறத பாரு" என்று சொல்லிவிட்டு அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அவர்களுக்குப் பரீட்சை எழுதுகிற மாதிரி இருக்கும்.

பழைய கேசட் பரணில் கிடந்தால், காட்சியைத் தேட உடனே விசிஆரில் திணித்துவிடாதீர்கள். பக்கவாட்டு ஜன்னல் வழியே டேப் சுருளைப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. ஓட்டினால் விசிஆரின் ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடும் கேசட்டுக்கும் பரவும். அப்படியானால் உறையிலிட்டுத் தனியாக வைத்து, டேப் சுத்தம் செய்து டிஜிட்டலாக்கித் தருபவரிடம் கொடுத்துவிடுங்கள்.