உரையை ஏன் ஆற்றுகிறீர்கள்?

கேள்வி: உரிமைகளுக்கான கண்டனக் கூட்டம் ஒன்றில் பேச அழைத்திருக்கிறார்கள். பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். 14 பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். கேட்பவர்களை நம் பக்கம் இழுக்கும்படி உரையாற்றுவது எப்படி? (பெயர் போட வேண்டாம் என்ற வாசகர்)

பதில்: அந்த ‘ஆற்றுவது’தான் இடிக்கிறது. பாலை ஆற்றுகிறோம், புண்ணை ஆற்றுகிறோம், பசியை ஆற்றுகிறோம், அழுகிற பிள்ளையை ஆற்றுகிறோம். இந்த வரிசையில் கண்டன உரையைக் கொண்டுவந்து சேர்த்த புண்ணியவான் யாரோ! கொதித்துப்போய் வந்து நிற்கிற கூட்டத்தின் முன்னால், இந்தக் குவளையிலிருந்து அந்தக் குவளைக்கு அரைமணி நேரம் இழுத்து ஆற்றினால் மிஞ்சுவது ஏடுதான். நான் கேட்ட உரைகளில் முக்கால்வாசி ஏடு படிந்தவை. (‘ஆற்றுதல் என்றால் செய்தல் என்றும் பொருள் உண்டு, அறியீரோ?’ என்று, இந்தப் பக்கத்தில் பிழை பிடிக்கவே சந்தா கட்டும் புலவர் கடிதம் போடுவார். அறிவேன் ஐயா. கடமை ஆற்றுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அதுவும் ஆறித்தான் கிடக்கிறது.)

இத்தனைக்கும் நானே ஆற்றிப் பிழைப்பவன்தான். அனலாக வருகிற கட்டுரையைக் குடிக்கிற சூட்டுக்குக் கொண்டுவருவதுதானே பத்திரிகை ஆசிரியன் வேலை? அதனாலேயே ஜான் லூயிஸ் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

1963 ஆகஸ்ட் 28. வாஷிங்டனில் லிங்கன் நினைவிடத்தின் முன்னால், கறுப்பின மக்களின் உரிமைக்காகத் திரண்ட சுமார் இரண்டரை லட்சம் பேர். லூயிஸுக்கு 23 வயது, மாணவர் அமைப்பு ஒன்றின் தலைவர். அவர் எழுதி வைத்திருந்த உரை முதல் நாளே வெளியே போய்விட்டது. கென்னடி அரசின் உரிமை மசோதாவை முழுமனதோடு ஆதரிக்க முடியாது என்று ஓரிடம். ஷெர்மன் போனது போலத் தெற்கு மாநிலங்களின் நடுவே அணிவகுத்துப் போவோம் என்று இன்னோரிடம். ஷெர்மன், உள்நாட்டுப் போரில் 1864இல் ஜார்ஜியாவை எரித்துக்கொண்டே போன தளபதி. கத்தோலிக்கப் பேராயர் ஓபாயில், உரையை மாற்றாவிட்டால் பிரார்த்தனை நடத்த வரமாட்டேன் என்றார். கீழே கூட்டம் கூடியிருக்க, மேலே லிங்கன் சிலைக்குப் பின்னால் வாக்குவாதம். கடைசியில் 74 வயது பிலிப் ராண்டால்ஃப் வந்து கேட்டுக்கொண்டார். 1941இலேயே இப்படியொரு பேரணிக்குத் திட்டமிட்டு, இந்த ஒரு நாளுக்காக 22 வருடம் காத்திருந்த மனிதர். அவருக்காக லூயிஸ் இறங்கி வந்தார். அங்கேயே சின்னத் தட்டச்சுப் பொறியை வைத்து உரையைத் திருத்தி அடித்தார்கள்.

ஷெர்மனை வெட்டியது சரி. எதிராளிக்கு உதவுகிற வரி ஒன்றே ஒன்று உரையில் இருந்தாலும் மறுநாள் பேப்பரில் அதுதான் தலைப்பு. ஆனால் ‘ஆதரிக்க முடியாது’ என்பது ‘ஆதரிக்கிறோம், பெரிய தயக்கங்களோடு’ என்று ஆனது இருக்கிறதே, அது ஒரு ஆற்று கூடுதல். நானாக இருந்தால் விட்டிருப்பேன். (நான் இரண்டு பத்தி வெட்டியதற்காக ஒன்பது வருடமாகப் பேசாத கவிஞர் இதைப் படித்துச் சிரிப்பார். சிரிக்கட்டும், அந்த இரண்டும் மோசமான பத்திகள்.)

வெட்டுக்குத் தப்பிய ஒரு வரியைப் பாருங்கள். வருடத்துக்கு 1,00,000 டாலர் வருமானம் வரும் குடும்பத்தின் வீட்டில், வாரம் 5 டாலருக்கு வேலை பார்க்கும் பெண்ணுக்குச் சமத்துவம் தருகிற சட்டம் வேண்டும் என்றார் லூயிஸ். இரண்டு எண், ஒரு வீடு, அவ்வளவுதான். ‘கொடுமை’, ‘அநீதி’, ‘வெட்கக்கேடு’ எதுவும் கிடையாது. கேட்கிறவனே கணக்குப் போட்டுக்கொண்டு கோபப்படுகிறான். உங்கள் 14 பக்கத்தில் அப்படி ஒரு அம்மாள் இருக்கிறாரா? இருந்தால் அவரை வைத்துக்கொண்டு மற்ற 13 பக்கத்தையும் கிழித்துவிடலாம்.

அன்று கடைசியாகப் பேசியவர் மார்ட்டின் லூதர் கிங். மேடையில் இருந்த ஒருவரையும் ‘அவர்களே, அவர்களே’ என்று விளிக்கவில்லை. உங்களோடு சேர்ந்து நிற்பதில் மகிழ்ச்சி என்று நேரே கூட்டத்திடம் தொடங்கினார். முன்பாதியில் அவர் கையாண்டது செக் விவகாரம். எல்லா மனிதருக்கும் உரிமை உண்டு என்று இந்த நாடு எழுதிக் கொடுத்தது கடன் பத்திரம், கறுப்பின மக்கள் கைக்கு வந்ததோ கணக்கில் பணமில்லை என்று திரும்பிய செக். வக்கீல் மூளை! புதிதாக எதையும் கேட்கவில்லை, நீ போட்ட கையெழுத்துக்குப் பணம் கொடு என்கிறார். எதிரே இருப்பவனை இழுக்க இதைவிட நல்ல கயிறு எனக்குத் தெரிந்து இல்லை. அவனுடைய சாசனத்தையே அவனிடம் படித்துக் காட்டினால் எந்த வாயால் மறுப்பான்?

பின்பாதிதான் உலகத்துக்குத் தெரியும். அந்தக் கனவுப் பகுதி கையில் இருந்த தாளில் இல்லை. ‘அது அரைத்த மாவு, வேண்டாம்’ என்று அவருடைய உதவியாளர் ஒருவர் முன்பே சொல்லியிருந்தார். (அவரும் என் ஜாதி, பத்திரிகை ஆசிரியர் ஜாதி.) உரை நடுவில் பாடகி மஹேலியா ஜாக்சன் பின்னாலிருந்து ‘கனவைப் பற்றிச் சொல்லு, மார்ட்டின்’ என்று குரல் கொடுத்தார். கிங் தாளை விட்டு நிமிர்ந்தார். இதை வைத்துக்கொண்டு ‘பார்த்தீர்களா, தயாரிப்பே தேவையில்லை’ என்று கிளம்புகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிகிறது. இரண்டே மாதம் முன்பு டெட்ராய்ட்டில் அதே கனவைப் பேசியிருந்தார், அதற்கு முன்பும் பேசியிருந்தார். தாள் இல்லாமல் வாயில் வருவது, பலமுறை வாயில் வந்து பழகியதுதான்.

மைக்கைப் பற்றி ஒரு வார்த்தை. அன்றைய ஏற்பாட்டாளர் பேயார்ட் ரஸ்டின், கடைசி வரிசைக்கும் குரல் கேட்க வேண்டும் என்று விலை கூடிய ஒலிபெருக்கிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். காதில் விழாத கூட்டம் கட்டுக்கு நிற்காது என்பது அவர் கணக்கு. யாரோ அதை முதல் நாள் நாசம் செய்ய, ராணுவத் தொழில்நுட்பப் பிரிவு வந்து சரிசெய்தது. நீங்கள் அரைமணி முன்னதாகப் போய் மைக்கைத் தட்டிப் பாருங்கள். மற்ற அறிவுரையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உரையைக் கெடுத்த ஆசிரியர்களும் உண்டு, என் இனம் என்பதற்காக மறைக்கமாட்டேன். அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்று, அடிமை முறைக்கு எதிராகவும் பெண்ணுரிமைக்காகவும் பேசிய சோஜர்னர் ட்ரூத் 1851இல் ஓஹையோவின் ஆக்ரன் நகரில் பேசியது அந்த வருடமே அச்சில் வந்தது. ‘நான் பெண் இல்லையா?’ என்ற புகழ்பெற்ற கேள்வி அதில் இல்லை. 12 வருடம் கழித்து, அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய ஃபிரான்சிஸ் கேஜ் எழுதிய வடிவத்தில்தான் அது வருகிறது. அதில் ட்ரூத் அமெரிக்கத் தெற்கு மாநிலக் கொச்சையில் பேசுகிறார். அந்த அம்மாளோ வடக்கே நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர், முதலில் பேசிய மொழி டச்சு! ஆகவே பேசியதை அன்றைக்கே உங்கள் கையால் எழுதி வைத்துவிடுங்கள்.

கிங் கையில் இருந்த தாள் என்ன ஆயிற்று தெரியுமா? பேசி முடித்ததும், மேடைக் காவலுக்கு நின்ற 26 வயது கூடைப்பந்து வீரர் ஜார்ஜ் ராவெலிங் அதைக் கேட்டார், கிங் கொடுத்துவிட்டார். உங்களிடம் யாராவது கேட்டால் நீங்களும் கொடுத்துவிடுங்கள். எனக்கு மட்டும் அனுப்ப வேண்டாம், ஆற்றிவிடுவேன்.