குதிரையின் பின்பக்கம்: கேள்வி பதில்

குதிரை வைத்தியம்தான் எனக்குப் பிழைப்பு. இன்று புட்டம், தொடை, பின்னங்கால் பற்றி மட்டும். கேளுங்கள்.

கே: குதிரையின் பின்னங்கால் முட்டி மட்டும் ஏன் டாக்டர் பின்பக்கமாக மடங்குகிறது?
ப: அது முட்டி இல்லை, குதிகால். ஹாக் என்பார்கள். நிஜ முட்டி மேலே வயிற்றை ஒட்டி இருக்கிறது, பெயர் ஸ்டைஃபிள். நம்முடையதைப் போலத்தான் மடங்கும்.

கே: பின்பக்கத்தில் முக்கியமான தசை எது?
ப: குளூட்டியஸ் மீடியஸ். நமக்குப் புட்டத்தில் மாக்சிமஸ் பெரியது, குதிரைக்கு மீடியஸ். இடுப்பு மூட்டை நீட்டி உடம்பை முன்னால் தள்ளுவது, பின்னங்காலில் எழுந்து நிற்பது, உதைப்பது எல்லாவற்றிலும் இதற்குப் பெரும்பங்கு. இதன் ஒரு நாக்கு, இடுப்பைத் தாண்டி முதுகுத் தசைமேல் முன்னோக்கி நீண்டு கிடக்கும். புட்டம் வலிக்கிற குதிரை முதுகைத் தொட்டாலும் சிலிர்ப்பது அதனால்தான். பின்னால் வால்பக்கம் பைசெப்ஸ் ஃபெமோரிஸ், செமிடெண்டினோசஸ், செமிமெம்ப்ரனோசஸ் மூன்றும் தள்ளுவதற்குத் துணை.

முன்னங்கால் உடம்போடு எலும்பால் சேரவில்லை, தசைத் தூளியில் தொங்குகிறது. பின்னங்காலோ இடுப்பெலும்பு வழியாக முதுகெலும்போடு பூட்டியிருக்கிறது. எடையில் சுமார் 60 சதம் முன்னால்; எஞ்சின் பின்னால். யாரையாவது குதிரையை நடத்தச் சொல்லிவிட்டு, பக்கவாட்டில் கூடவே நடந்து புட்டத்தில் உள்ளங்கையை வையுங்கள். அந்தப் பக்கக் கால் தரையில் ஊன்றும்போது கல்லாக இறுகும், தூக்கும்போது தளரும்.

கே: தொடை பெருக்க எந்தப் பவுடர் நல்லது?
ப: மேட்டு நிலம். ஏற்றி நடத்துங்கள்.

கே: மூன்று வயது கத்தியவாரி இனக் குதிரை. ஒரு மாதமாக லாயத்திலேயே நிற்கிறது. காலையில் ஒரு பின்னங்கால் பின்னால் நீண்டபடி விறைத்துக்கொள்கிறது. வாதமா?
ப: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முட்டிச்சில்லு மாட்டிக்கொள்கிறது. குதிரை நின்றுகொண்டே தூங்க இயற்கை வைத்த கொக்கி அது. சில்லின் உட்புற நாரை, தொடையெலும்பின் மேட்டில் மாட்டிவிட்டால் கால் மடங்காது, தசைக்கும் ஏறக்குறைய ஓய்வு. அந்தக் கொக்கியைக் கழற்றுவது தொடை முன்பக்கத்துக் குவாட்ரிசெப்ஸ். நின்றே கிடந்தால் அது மெலிந்துபோகும், பிறகு நினைத்த நேரத்தில் கழற்ற வராது. மாட்டியிருக்கும்போது குதிரையைப் பின்னோக்கி நகர்த்துங்கள், பெரும்பாலும் 'டொக்' என்று விடுபடும். பிறகு தினமும் நடை, தீனி, லாடம் சரிபார்ப்பு. நாரை வெட்டச் சொன்னால் அவசரப்படாதீர்கள், அது கடைசி வழி.

கே: சத்து ஊசி போட்டால் தசை ஏறுமா?
ப: ஏறாது. எந்த ஊசியானாலும் கழுத்தில் போடுங்கள், புட்டத்தில் வேண்டாம். சீழ் பிடித்தால் அந்த ஆழத்திலிருந்து வடியாது.

கே: தம்பி, எங்க அப்பா காலத்திலிருந்து புட்டத்தில்தான் குத்துகிறோம். ஒன்றும் ஆனதில்லை.
ப: ஆகாதவரை ஆகாது அண்ணே. புட்டத்துச் சீழ் தசைகளுக்கிடையே இறங்கித் தொடைவரை போனதை நான் கீறித் திறந்திருக்கிறேன். உள்ளங்கை முழுசாக நுழைந்தது.

கே: கழுத்தில் போட்டால் தலையைக் குனிந்து தின்னாதே?
ப: சில சமயம் ஓரிரு நாள் வலிக்கும். தீனியைத் தூக்கி வையுங்கள்.

கே: தொடை பெருக்க டானிக் ஏதாவது...
ப: மேலே சொன்ன பதிலைப் படியுங்கள்.

கே: இரண்டு நாள் ஓய்வு, கொள்ளு மட்டும் வழக்கம்போல. இன்று ஓட்டியதும் புட்டம் பலகையாக இறுகி வியர்க்கிறது, மூத்திரம் காப்பி நிறம். நடத்திச் சரிசெய்யலாமா?
ப: ஒரு அடிகூட நடத்தாதீர்கள்! தசை சிதைந்து, அதன் நிறமி மூத்திரத்தில் வருகிறது. சிறுநீரகம் கெடும். நின்ற இடத்திலேயே தண்ணீர் காட்டுங்கள், கொள்ளை நிறுத்துங்கள், இப்போதே மருத்துவரைக் கூப்பிடுங்கள். இங்கே உட்கார்ந்து தட்டச்சு செய்யாதீர்கள்.

கே: என் நாய் பின்னங்காலை...
ப: நாய் மருத்துவரிடம் போங்கள்.

கே: சரி தம்பி, கழுத்தில் சரியாக எங்கே?
ப: அப்படிக் கேளுங்கள் அண்ணே. தோள்பட்டை எலும்புக்கு முன்னால், பிடரி மேட்டுக்குக் கீழே, கழுத்தெலும்புக்கு மேலே. இந்த மூன்றுக்கும் நடுவில் ஒரு முக்கோணம் கைக்குத் தட்டுப்படும்.