சுத்திகரித்த பிறகும் சாயத் தண்ணீரில் உப்பு ஏன்?

"சாயக்கழிவைப் பாக்டீரியா தின்றுவிடும் என்கிறார்களே, பிறகு நொய்யல் கரைக் கிணறுகள் ஏன் உப்புக் கரித்தன?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உப்பைத் தின்னும் பாக்டீரியா கிடையாது. தண்ணீரில் பருத்தி நூலும் சாயமும் ஒன்றையொன்று விலக்கும். அதைத் தணிக்கத்தான் உப்பைக் கொட்டுகிறார்கள். சாயம் ஏறியதும் போட்ட உப்பு கழிவோடு வெளியேறும். வயலில் அதன் சோடியம் களிமண்ணைக் குலைத்து மேல்மண்ணை ஓடுபோல் இறுக்கும், நீர் இறங்காது. நொய்யல் ஆற்றின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குக் கட்டியது, சாயத்தொட்டியாகிப் போனது.

2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகே கழிவு வெளியேறாத முறை வேகம் பிடித்தது. கழிவுநீரைச் சவ்வு வழியே வடித்து, மிச்ச உப்புநீரைக் காய்ச்சி, சாயமேற்ற உதவும் உப்பான சோடியம் சல்பேட்டைப் பட்டறைக்கே திருப்பித் தருகிறார்கள். மிஞ்சும் கலப்பு உப்புதான் மூட்டை மூட்டையாகத் தேங்குகிறது. என்னைக் கேட்டால், ஆய்வுக்கூடங்கள் முதலில் பிரிக்க வேண்டியது அந்த மூட்டையைத்தான்.