“நான் பாரமா இருக்கேன்” என்று அப்பா சொன்னால்…

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. அம்மா போய் எட்டு மாதமாகிறது. “உங்களுக்கெல்லாம் பாரமா இருக்கேன், சீக்கிரம் போய்ச் சேர்ந்தா நல்லது” என்று அடிக்கடி சொல்கிறார். தூக்கமில்லை. வயிறு எரிகிறது என்கிறார், ஸ்கேனில் ஒன்றுமில்லை. வயதானால் இப்படித்தான் என்கிறார்கள் உறவினர்கள். அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். “எமன் என் சீட்டைத் தொலைச்சிட்டான்” என்று சிரித்துவிட்டு, மத்தியானக் குழம்பில் உப்புக் குறைவென்று சண்டைக்கு நிற்கும் பாட்டிகளைப் பற்றி எனக்குக் கவலையில்லை. உங்கள் அப்பாவின் பேச்சோடு தூக்கமும் கெட்டிருக்கிறது. முதியவர்கள் பலர் ‘மனசு சரியில்லை’ என்று சொல்வதில்லை. வயிறு, முதுகு, தலைசுற்றல் என்று உடம்பைத்தான் சொல்வார்கள். மனச்சோர்வு அப்படியும் வெளிப்படும்.

தற்கொலை எண்ணத்துக்கு இட்டுச்செல்பவற்றில் நான் மிகவும் அஞ்சுவது இரண்டு: தான் பிறருக்குச் சுமை என்ற நினைப்பு, இனி எதுவும் மாறாது என்ற முடிவு. துணையை இழந்த தனிமை, தீராத வலி, பிறர் கையை எதிர்பார்க்கும் கூச்சம் எல்லாம் இவற்றை வளர்க்கும். வீட்டாரும் அறியாமல் வளர்க்கிறோம். “நீங்க சும்மா உட்காருங்க, நாங்க பாத்துக்கறோம்” என்று ரேஷன் கடை, வங்கி வேலையெல்லாம் பிடுங்கிக்கொள்வது பாசத்தால்தான். அவருக்கோ அது ‘நான் தேவையில்லை’ என்றே கேட்கும். அவரால் முடிந்த வேலைகளைத் திருப்பிக் கொடுங்கள்.

“உங்களுக்கு என்ன குறை வெச்சோம்?” என்று கேட்காதீர்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். “செத்துப்போகலாம்னு தோணுதாப்பா?” என்று தனியாக உட்கார்ந்து நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமென்றால் பதறாமல், புத்தி சொல்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தைராய்டு, பி12 குறைபாடும் சோர்வைத் தரலாம், பரிசோதிக்கச் சொல்லுங்கள். மனச்சோர்வு மாத்திரை பலன் தரச் சில வாரங்கள் ஆகும். நடுவில் நிறுத்தக் கூடாது. அதுவரை மாத்திரைகளை நீங்களே வைத்திருந்து வேளைக்கு எடுத்துக்கொடுங்கள். பூச்சிமருந்து இருந்தால் வீட்டைவிட்டே அகற்றுங்கள்.

பத்திரம், நகையை எல்லாம் ஒப்படைக்கிறார், விடைபெறுவதுபோல் பேசுகிறார், அல்லது எப்படி என்றே யோசித்து வைத்திருக்கிறார் என்றால் காத்திருக்க வேண்டாம். ஒரு நிமிடமும் தனியாக விடாமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். முதியவர்கள் ‘சும்மா பயமுறுத்துகிறார்கள்’ என்று எண்ணுவது ஆபத்து: இளையவர்களைவிட அவர்கள் முயல்வது குறைவு, முயன்றால் பிழைப்பதும் குறைவு.

இரவு பகல் எந்நேரமும் 14416 (டெலி மானஸ் என்ற மத்திய அரசின் மனநல உதவி எண்) அல்லது தமிழக அரசின் 104 எண்ணில் தமிழிலேயே பேசலாம். அப்பா மட்டுமல்ல, நீங்களும் அழைக்கலாம்.