வாராவாரம் கொழுப்பை வடித்தால் இரத்தம் நீர்த்துப் போகுமா?

கேள்வி: ஜெர்மனியில் இருக்கும் என் தம்பிக்குப் பரம்பரைக் கொலஸ்ட்ரால் கோளாறு. மாத்திரை போதவில்லை என்று வாராவாரம் மெஷினில் கெட்ட கொழுப்பை வடித்து இரத்தத்தைத் திரும்ப ஏற்றுகிறார்கள். "அன்னிக்கு நடந்தா கால் வலிக்கலக்கா, அஞ்சாறு நாள்ல பழையபடி ஆயிடுது" என்கிறான். வருடக்கணக்கில் இப்படிச் செய்தால் இரத்தம் ஒரேயடியாக நீர்த்துவிடாதா?

பதில்: நீர்த்துவிடாது. தம்பி சொல்வதும் கற்பனை இல்லை.

இரத்தம் எவ்வளவு கெட்டியாக ஓடும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அதில் சிவப்பணுக்கள் எவ்வளவு இருக்கின்றன என்பதுதான். அவை அப்படியே உடம்புக்குத் திரும்பிவிடுகின்றன. மெஷினில் மாட்டிக்கொள்வது எல்.டி.எல். என்ற அந்தக் கெட்ட கொழுப்பு, அதோடு சில முறைகளில் ஃபைப்ரினோஜன் என்ற புரதமும். இந்தப் புரதம் கூடினால் சிவப்பணுக்கள் காசுகளை அடுக்கியதுபோல ஒட்டிக்கொள்ளும், ஓட்டம் மெதுவாக இருக்கும் நுண்குழாய்களில் அதுதான் தொந்தரவு. 1980களில் ஜெர்மனியின் கோட்டிங்கனில் உருவான 'ஹெல்ப்' முறையில், பிளாஸ்மாவை, அதாவது அணுக்களைப் பிரித்தபின் மிஞ்சும் இரத்தத் திரவத்தை, புளிப்பாக்கி, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தைச் சேர்த்து, எல்.டி.எல்., ஃபைப்ரினோஜன் இரண்டையும் சேர்த்தே திரிய வைத்து வடிக்கிறார்கள். இரண்டும் பாதிக்கு மேல்கூட இறங்கும், பிளாஸ்மா இளகும், அணுக்கள் ஒட்டுவது குறையும். ஒரு தடவை சிகிச்சை நடக்கும் இரண்டு மூன்று மணி நேரத்தில் இரத்தக் குழாய் அடைப்பு கரைந்துவிடாது. ஆனால் அடைப்பைத் தாண்டி ஓடுவது சுலபமாகிறது, குழாயும் கொஞ்சம் தாராளமாக விரிகிறது. முழு இரத்தத்தையே நேராக வடிக்கும் மெஷின்களில் ஃபைப்ரினோஜன் அவ்வளவு இறங்காது, அதனால் எந்த முறை என்று தம்பியிடம் கேளுங்கள்.

அப்புறம் ஏன் பழையபடி ஆகிறது? இரண்டையும் உண்டாக்கும் ஈரல் சும்மா இருக்காதே! ஃபைப்ரினோஜன் சில நாளிலேயே திரும்பிவிடும், எல்.டி.எல். ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாக ஏறும். ஏற்றம் முதல் நாட்களில்தான் வேகம் என்பதால், வாரத்தின் உண்மையான சராசரி சிகிச்சைக்கு முந்தைய மேல் அளவுப் பக்கம்தான் சாய்ந்திருக்கும், சிகிச்சை முடிந்த கையோடு எடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. விடாமல் செய்துவந்தால், அடுத்த முறைக்கு முந்தைய அளவுகூட ஆரம்ப காலத்தை விடக் குறைவாகவே நிற்கும். நீண்ட கால லாபம் அங்கேதான்.

நான் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு. வருடக்கணக்கில் செய்பவர்களுக்கு இரும்புச்சத்து குறைந்து இரத்தசோகை வருவதுண்டு. அப்போதும் இரத்தம் மெலிந்துதான் காட்டும், அது நல்ல மெலிவு இல்லை, ஆக்ஸிஜன் சுமக்கும் அணுவே குறைந்த மெலிவு. தம்பி களைப்பு என்று சொன்னால் ஹீமோகுளோபின், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். '-பிரில்' என்று முடியும் பிரஷர் மாத்திரை சாப்பிட்டால் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், சில வடிகட்டிகளோடு அது சேர்ந்தால் பிரஷர் திடீரென்று விழுந்துவிடும். சிகிச்சையில் ஹெப்பாரின் ஏறுவதால், அன்றைக்குப் பல் பிடுங்கப் போக வேண்டாம்.