வாசகர் கேள்வி–பதில்: வௌவாலும் ஈச்சஞ்சாறும்

கேள்வி: நிபா வைரஸ் பழந்தின்னி வௌவாலிடமிருந்து வந்தது என்கிறார்கள். இரவில் பறந்து திரியும் பிராணிக்கும் வீட்டில் காய்ச்சலோடு படுத்திருக்கும் மனிதனுக்கும் உள்ள தொடர்பை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? (ஓர் ஆசிரியை, தேனி)

பதில்: நோயாளியின் உடலில் இருப்பது எந்தக் கிருமி என்பதை ஆய்வகம் சொல்லிவிடும், அது எந்த வழியாக உள்ளே வந்தது என்பதை அறிய, ஊருக்குள் நடந்து போய் வீடு வீடாகக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. 2004ஆம் ஆண்டின் இறுதியிலும் 2005 ஜனவரியிலும் வங்கதேசத்தின் தங்கைல் மாவட்டத்தில் 12 பேருக்கு நிபா கண்டு, அவர்களில் 11 பேர் இறந்தபோது, டாக்காவில் பணியாற்றிய அமெரிக்க நோய்ப்பரவலியலாளர் ஸ்டீபன் லூபியும் அவருடைய குழுவினரும் அதைத்தான் செய்தார்கள். இறந்தவரிடம் கேட்க முடியாதென்பதால் அவருடைய வீட்டாரிடமும் நண்பர்களிடமும், அவர் நோயுறுவதற்கு முந்தைய நாள்களில் என்ன சாப்பிட்டார், எந்த மரத்தில் ஏறினார், எந்தப் பிராணியைத் தொட்டார் என்றெல்லாம் விசாரித்தார்கள். அதே கேள்விகளை அதே ஊரில் நோய் வராத அக்கம்பக்கத்தாரிடமும் கேட்டார்கள். நோயாளிகளை மட்டும் விசாரித்திருந்தால் எல்லோரும் சோறு உண்டார்கள் என்பதும் ஒரு தடயமாகத் தோன்றியிருக்கும் என்பதால், இந்த ஒப்பீடே ஆய்வின் உயிர் என்பேன். நோயுற்றவர்களில் 64 சதவீதத்தினர் காய்ச்சாத ஈச்சஞ்சாறு குடித்திருந்தார்கள்; நோய் வராதவர்களில் 18 சதவீதத்தினர் மட்டுமே குடித்திருந்தார்கள்.

வங்கதேசத்தில் குளிர்காலத்தில் ஈச்ச மரத்தின் உச்சிக்குச் சற்றுக் கீழே பட்டையைச் சீவி, மூங்கில் குழல் செருகி, அதன் கீழே மண்பானையைக் கட்டிவிடுகிறார்கள். இரவு முழுவதும் சொட்டும் சாற்றை விடியலில் இறக்கி அப்படியே குடிப்பது அங்கே பெரும் விருப்பம். பின்னர் அந்த மரங்களில் அகச்சிவப்புக் கேமராக்களைப் பொருத்திப் பார்த்தபோது, வௌவால்கள் வந்து சீவிய இடத்தை நக்குவது படத்தில் பதிவாயிற்று. அவற்றின் எச்சிலும் சிறுநீரும் கலக்கும் இடம் அதுதான். அதே சாற்றைக் காய்ச்சி வெல்லமாக்கினால் சூட்டில் வைரஸ் அழிந்துவிடும்.

கேள்வி: 1998–99இல் எங்கள் நாட்டில் இந்த நோயை முதலில் கொசுவால் வந்த மூளைக்காய்ச்சல் என்று சொன்னது ஏன்? (மலேசியாவின் ஈப்போவிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: பன்றிப் பண்ணைகளைச் சுற்றி மூளைக்காய்ச்சல் கண்டால், பன்றியிடமிருந்து கொசு வழியே மனிதருக்குப் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலைச் சந்தேகிப்பது வழக்கம், அந்தச் சந்தேகத்தில் பிழை சொல்ல முடியாது. புகை அடித்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். ஆனால் கணக்குப் பொருந்தவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்குவது. இங்கேயோ நோயுற்றவர்கள் பன்றிகளோடு பழகிய வயது வந்த ஆண்கள். தடுப்பூசி போட்டவர்களுக்கும் நோய் வந்தது. பண்ணைக்கு அருகிலேயே வாழ்ந்தும் பன்றி வளர்க்காத மலாய்க்காரர்கள் நோயின்றி இருந்தார்கள். கடிக்கும் கொசு ஆளைப் பார்த்தா கடிக்கும்? மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் என்ற மருத்துவர் 1999 மார்ச்சில் புதிய வைரஸைப் பிரித்தெடுத்த பிறகே விடை தெளிந்தது. நோயாளி ஒருவரின் ஊரான சுங்கை நிபாவே வைரஸுக்குப் பெயராயிற்று. மாமரங்களின் கீழ் கட்டப்பட்டிருந்த பன்றிக் கொட்டில்களில் வௌவால் கடித்த பழங்கள் விழுந்ததும், அங்கிருந்து விற்கப்பட்ட பன்றிகள் நோயை வேறு மாநிலங்களுக்குக் கொண்டுபோனதும் பின்னால் புரிந்தது. 265 பேருக்கு நோய் கண்டு 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

கேள்வி: அப்படியானால் நம் பதநீரைக் குடிக்கலாமா? (ஒரு வாசகர், திருச்செந்தூர்)

பதில்: தமிழ்நாட்டில் பதநீர் வழியாக நிபா பரவியதாகப் பதிவு இல்லை. ஈச்ச மரத்தைப் போலப் பனையின் தண்டைச் சீவித் திறந்து வைப்பதில்லை; பாளையைச் சீவிக் கலயத்துக்குள் விடுகிறோம். ஆனால் கலயத்தில் தடவும் சுண்ணாம்பு புளிப்பைத் தடுப்பதற்கானது. அதைக் கிருமிக்குக் காவல் என்று எண்ண வேண்டாம். பக்கத்து மாநிலத்தில் நோய் கண்டிருக்கும் நாள்களில் காய்ச்சிய கருப்பட்டியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கேள்வி: பேசாமல் வௌவால்களைக் கொன்றுவிட்டால் என்ன? (ஒரு வாசகர், பொள்ளாச்சி)

பதில்: வௌவால்களுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் உள்ள மாநிலத்திலிருந்து இந்தக் கேள்வி வருவது வியப்பாக இருந்தாலும், விடையை உகாண்டாவின் கிடாக்கா சுரங்கம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. 2007இல் அங்கே சுரங்கத் தொழிலாளர்களுக்கு, வௌவாலிடமிருந்து வரும் இன்னொரு கொடிய வைரஸ் நோயான மார்பர்க் காய்ச்சல் வந்ததும், உள்ளே இருந்த பல்லாயிரம் வௌவால்களை அழித்தார்கள். சில ஆண்டுகளில் புதிய வௌவால்கள் வந்து குடியேறின. 2012இல் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இபாண்டாவில் மறுபடியும் மார்பர்க் பரவியபோது ஆய்வாளர்கள் சுரங்கத்துக்குத் திரும்பிச் சென்று சோதித்தார்கள். முன்பு 5.1 சதவீத வௌவால்களிடம் இருந்த தொற்று இப்போது 13.3 சதவீதமாக ஏறியிருந்தது. எதிர்ப்பாற்றல் பெற்ற பழைய வௌவால்கள் போய், தொற்றுக்கு எளிதில் ஆளாகும் புதியவை அந்த இடத்தை நிரப்பியதே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

வங்கதேசத்தில் கண்ட வழி இதைவிட எளிது. ஈச்ச மரத்தில் சாறு இறக்குபவர்களில் சிலர், வௌவால் சாற்றைக் குடித்து வீணாக்காமலிருக்க, மூங்கில் கீற்றுகளால் பின்னிய தட்டி ஒன்றைச் சீவிய இடத்துக்கும் பானைக்கும் மேலாகக் கட்டிவந்தார்கள். அதற்குப் பானா என்று பெயர். ஆய்வாளர்கள் அதையே எடுத்துச் சோதித்தார்கள். சரியாகக் கட்டிய மரங்களில் வௌவாலின் நாக்கு சாற்றை எட்டவில்லை என்பதை அகச்சிவப்புக் கேமராக்கள் காட்டின.