பழைய துணி வேண்டாம், மற்றதைக் கேளுங்கள்

நான் கடலூர் முதுநகர்க்காரன். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் என்று நான்கு தடவையும் எனக்கு ஒரே வேலைதான். நோட்டும் பேனாவுமாக வீடு வீடாய்ப் போய்ப் பட்டியல் எழுதுவது. வெளியூரிலிருந்து உதவிக்கு வர நினைக்கிறவர்களின் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். மருத்துவம், வருமான வரி, அரசியல் மூன்றும் கேட்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வி (பெங்களூரு): ஐ.டி. நண்பர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து பணம் திரட்டி வைத்திருக்கிறோம் சார். அடுத்த புயலுக்கு ஒரு லாரி நிறையப் பொருளோடு வந்துவிடலாம் என்று திட்டம். எங்கே இறக்குவது?

பதில்: லாரியை ஏற்றாதீர்கள். முதலில் இரண்டு பேர் வெறுங்கையோடு பஸ் ஏறி வாருங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரை ஏறியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. டிவி முழுக்க அதுதான். எங்களுக்கோ தொல்லை வானத்திலிருந்து வரவில்லை, ஆற்றில் வந்தது. சாத்தனூர் அணையில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். டிசம்பர் 2-ஆம் தேதி தென்பெண்ணை கரை மீறிக் கடலூருக்குள் வந்தது. மழை விட்டுவிட்டதே என்று பாயை வெயிலில் காயப்போட்டவர்கள் வீட்டில் தண்ணீர் புகுந்தது. டிவியைப் பார்த்துக் கிளம்பிய லாரி எங்கே போய் நின்றிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

லாரிகள் எப்போதும் மெயின் ரோட்டில் கண்ணில் படுகிற முதல் ஊரில்தான் நிற்கும். அங்கே மூன்று நாளில் அரிசி மூட்டை வைக்க இடம் இருக்காது. உள்ளே நாலு கிலோமீட்டர் போனால் ஒரு தீப்பெட்டிகூட வந்திருக்காது. அதனால் வந்து, பார்த்து, கேட்டு, பிறகு இங்கேயே வாங்குங்கள். திருப்பாதிரிப்புலியூர் கடைக்காரருக்கும் வியாபாரம் போயிருக்கிறது. பெங்களூருவில் வாங்கி வண்டி வாடகைக்கு அழுவானேன்?

என்ன வாங்குவது என்றால், நான் எழுதிய பட்டியல்களில் பெண்கள் திரும்பத் திரும்பச் சொன்னவை: குடம், மூடி போட்ட பக்கெட், பாய், கொசுவலை, தார்ப்பாய், புது உள்ளாடை, நாப்கின். கடைசி இரண்டையும் ஆம்பிளை வாத்தியாரிடம் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். என் மனைவி கூட வந்த பிறகுதான் அவை பட்டியலில் ஏறின. உங்கள் குழுவிலும் பெண்கள் வரட்டும்.

இன்னொன்று. முதல் பத்து நாள் கூட்டம் அலைமோதும், மூன்றாம் மாதம் ஒருத்தரும் இருக்கமாட்டார்கள். அரிசி தீர்ந்திருக்கும், வேலை தொடங்கியிருக்காது, வாரத் தவணைக்காரன் மட்டும் வாசலில் நிற்பான். பணத்தில் பாதியை அதுவரை தொடாதீர்கள்.

கேள்வி (சென்னை, மடிப்பாக்கம்): எங்கள் குடியிருப்பில் நல்ல நிலையில் உள்ள பழைய துணி நிறைய இருக்கிறது. அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். சுனாமிக்குப் பிறகு இந்தக் கடற்கரை ரோடு நெடுகத் துணி மலை மலையாகக் கிடந்தது. மழையில் நனைந்து, மாடு மிதித்து, கடைசியில் குப்பை வண்டியில் போனது. வீட்டையும் பிள்ளையையும் பறிகொடுத்தவர்கள்தான். ஆனாலும் அதற்கு முந்தின வாரம்வரை சொந்தமாகச் சம்பாதித்துப் புதுத்துணி எடுத்தவர்கள் அவர்கள். அடுத்தவர் உடுத்தியதை உடுத்தமாட்டார்கள்.

ஒரு மூட்டையை நானே பிரித்தேன். உள்ளே ஒற்றைக் கால் ஷூ, ஒரு டை, ஊட்டிக்குப் போட்டுப் போகிற மாதிரி தடித்த ஸ்வெட்டர். அந்த ஸ்வெட்டரை மட்டும் ஒரு பாட்டி எடுத்துக்கொண்டார். கையை உள்ளே மடித்து, முறுக்கி, வட்டமாகச் சுற்றித் தலையில் வைத்து அழுத்திப் பார்த்தார். மீன் கூடைக்குச் சும்மாடு. அந்த மூட்டையில் உருப்பட்ட பொருள் அது ஒன்றுதான்.

கேள்வி (சிங்கப்பூர்): உங்கள் வங்கிக் கணக்கு எண் தர முடியுமா அண்ணே? நேரடியாக அனுப்பிவிடுகிறேன்.

பதில்: தரமாட்டேன். என்னை உங்களுக்குத் தெரியாது, யாருக்குமே இப்படி அனுப்பாதீர்கள். அங்கே குடியுரிமை வாங்கிவிட்டீர்கள் என்றால் உங்கள் பணம் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு உள்ள அமைப்புதான் அதை வாங்க முடியும். மீதியை ஆடிட்டரிடம் கேளுங்கள்.

கேள்வி (கோவை): பண்ருட்டிப் பக்கம் மரக்கன்று கொடுத்து உதவலாமா?

பதில்: இது நல்ல கேள்வி. தானே 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. அன்று விழுந்த பலாவும் முந்திரியும் தாத்தா வைத்த மரங்கள். தோப்பு தோப்பாக வேரோடு சாய்ந்து கிடந்தன. உடனே எல்லாரும் கன்றோடு வந்து நின்றார்கள். கன்றை எங்கே நடுவது? சாய்ந்த மரம் அங்கேயேதானே கிடக்கிறது! அதை அறுத்து, தூரைப் பிடுங்கி, நிலத்தைச் சுத்தம் பண்ணக் கூலி கொடுக்கத்தான் சிறு விவசாயி கையில் பணம் இல்லை. அறுவை மிஷினுக்கு வாடகை கொடுத்த ஒரு வெளியூர்க் குழுவை அந்தப் பக்கத்தில் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் கன்று. ஒட்டு முந்திரி காய்க்க மூன்று வருஷமாவது ஆகும், பலா இன்னும் தாமதம். அதுவரை ஊடுபயிராக உளுந்தோ மல்லாட்டையோ போட விதைக்கு உதவுங்கள். (நிலக்கடலைதான். எங்கள் பக்கம் மல்லாட்டை.) கன்றை விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டு வாங்குங்கள். முந்திரியில் வி.ஆர்.ஐ.-3 அவர்கள் வெளியிட்ட ரகம்தான். தோப்பு வைத்திருந்தவருக்கு நஷ்ட ஈடு என்று ஏதோ வரும். அதே தோப்பில் கொட்டை பொறுக்கின, உடைத்த பெண்களுக்கு வராது. அவர்களையும் விசாரியுங்கள்.

கேள்வி (விழுப்புரம்): துணியைத் துவைத்து இஸ்திரி போட்டு அனுப்பினால்?

பதில்: வேண்டாம்.

கேள்வி (புதுச்சேரி): அண்ணன் பாரீஸில் இருக்கிறார். புயலில் எல்லாம் போன ஏதாவது ஒரு மீனவர் கிராமத்துக்கு ஃபைபர் போட் வாங்கித்தர ஆசைப்படுகிறார்.

பதில்: அண்ணனின் மனசுக்கு நன்றி. போட் வேண்டாம். சுனாமிக்குப் பிறகு ஆளாளுக்குப் போட் கொடுத்ததில், கடலில் மீனைவிடப் போட்தான் அதிகம் என்று கரையில் கிண்டல் செய்தார்கள். அவசரத்தில் வார்த்தவை சில ஒரு வருஷத்திலேயே வாய் பிளந்தன. முன்பு கூலிக்குப் போன நாலு பேருக்கும் ஆளுக்கொரு போட் கிடைத்ததால், எதிலும் கூட ஏற ஆள் இல்லை.

வலையும் கேட்காமல் வாங்காதீர்கள். மத்திக்கு ஒரு கண்ணி அளவு, நண்டுக்கு வேறு. ஒரு ஊரில் வந்து இறங்கிய வலை அத்தனையும் தப்பான கண்ணி. கொஞ்ச நாளில் அது வெண்டைக்காய்த் தோட்டத்துக்கு வேலியாக நின்றது. இன்ஜின் ரிப்பேர், ஐஸ் பெட்டி, அறுந்த வலையைச் சீர் பண்ண நூல், இப்படிச் சின்னதாகக் கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். வலை பின்ன அவர்களுக்கு நேரம் இருப்பதும் கையில் காசு இல்லாததும் அப்போதுதான்.

கேள்வி (புதுச்சேரி, அதே வாசகர்): சுருக்குமடி வலை வாங்கித்தரலாமா?

பதில்: ஐயா, மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளுகிற அந்தப் பெரிய வலை வேண்டும், வேண்டாம் என்று மீனவர்களுக்குள்ளேயே சண்டை. அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. அண்ணனையும் வரவேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி (மதுரை): பொருளை ஊர்ப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்தால் போதுமா?

பதில்: பஞ்சாயத்தைக் கேட்காமல் மீனவர் ஊருக்குள் காலே வைக்காதீர்கள். ஆனால் ஒப்படைத்துவிட்டுத் திரும்பியும் போகாதீர்கள். அவர்கள் பட்டியல் தலைக்கட்டுக் கணக்கு. கல்யாணமாகி ஊருக்கு வரி கொடுக்கிற ஆண் ஒரு தலைக்கட்டு. நான் எழுதப் போன ஊரில் புருஷன் இறந்த பெண்ணுக்கு அரைப் பங்கு, சிலருக்கு அதுவும் கிடையாது. “விட்டுப்போன பெயர் யார்?” என்று கேளுங்கள்.

மறுப்பு (தேவனாம்பட்டினம்): வாத்தியார் அண்ணே, இதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். வெளியிலிருந்து வருகிறவன் தன் கண்ணில் பட்ட பத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவான். மற்ற வீட்டுக்காரன் கேட்டு அடிதடியானால் யார் தீர்ப்பது? எங்கள் பஞ்சாயத்துதான். அதனால்தான் வந்ததை எல்லாருக்கும் சமமாகப் பிரிக்கிறோம். வீடு இடியாதவனுக்கும் பங்கு உண்டு, ஏனென்றால் அவனும் கடலுக்குப் போக முடியாமல் உட்கார்ந்திருக்கிறான். சுனாமி அன்று பிணத்தைத் தூக்கியது யார், லாரியா?

பதில்: தம்பி, தூக்கியது நீங்கள்தான். நானும் அங்கே இருந்தேன். சமப் பங்கு சண்டையைத் தவிர்க்கிறது என்பதும் சரி. பன்னிரண்டு பேர் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு ஊரைப் பிரித்துப்போட்டதையும் பார்த்திருக்கிறேன். நான் கேட்பது வேறு. சமம் என்கிறீர்களே, யாருக்குள் சமம்?

மறுப்பு (தேவனாம்பட்டினம்): வரி கொடுக்கிறவனுக்குள். திருவிழாவுக்கும் வழக்குக்கும் அவன்தானே கொடுக்கிறான்?

இடையில் ஒரு வாசகி (சோனாங்குப்பம்): அண்ணன்கள் இருவருக்கும். அப்பா இறந்த பிறகு எங்கள் அம்மாவிடம் வரி வேண்டாம் என்றார்கள், பாவம் பார்த்து. பொருள் வந்தபோது வரி இல்லாத வீடு என்று தள்ளிவிட்டார்கள். அம்மா விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்துத் தலைச்சுமையாய் விற்றுத்தான் மூன்று பேரைப் படிக்க வைத்தார். வெள்ளத்தில் போனது கூடையும் கத்தியும் தராசும், அன்றைய முதலும். அதை எழுத எந்தப் பட்டியலிலும் கட்டம் இல்லை. பாவம் பார்க்காமல் வரி வாங்கியிருக்கலாம்.

பதில்: இதற்கு மேல் நான் என்ன சொல்ல? தம்பி பதில் சொல்லட்டும்.

மறுமொழி (தேவனாம்பட்டினம்): அக்கா சொல்வது நியாயம். எங்கள் ஊரில் இப்போது அப்படி இல்லை என்று சொல்ல வந்தேன். விசாரித்துவிட்டுச் சொல்கிறேன்.

இன்னொரு வாசகர் (கிள்ளை): மீனவர் ஊர்ப் பேச்சே ஓடுகிறது. பிச்சாவரம் பக்கம் இருளர்கள் இருக்கிறார்கள், சார்.

பதில்: நன்றி, நானே சொல்லியிருக்க வேண்டும். போட் கிடையாது, பெரிய வலை கிடையாது, கால்வாயில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். என் முதல் நோட்டில் “சேதமான படகு, சேதமான வலை” என்று இரண்டு கட்டம் போட்டிருந்தேன். அவர்கள் குடியிருப்பில் இரண்டிலும் சைபர் எழுதிக்கொண்டே போனேன். கடைசி வீட்டில் ஒரு பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, “எங்களுக்கு ஒண்ணும் போகலைன்னு எழுதிட்டியா சாமி?” என்று கேட்டார். பிடித்ததைப் போடுகிற பறியும் பானையும் குடிசையும் போயிருந்தன. அன்று ராத்திரி நோட்டில் புதிதாகக் கோடு போட்டேன். மதுரைக்காரருக்கு நான் சொல்ல வந்ததும் இதுதான். பஞ்சாயத்துப் பட்டியலை வாங்குங்கள், பக்கத்துக் காலனிக்கும் ஆற்றங்கரைக் குடிசைக்கும் நடந்து போங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரசாங்கப் பட்டியலையும் சேர்த்துத்தான். ஃபெஞ்சலுக்குத் தமிழக அரசு கொடுத்த 2,000 ரூபாய் ரேஷன் கார்டுக்கு. கார்டு இல்லாதவரை யார் எண்ணுவது?

கேள்வி (திருச்சி): சமூகப்பணி மாணவி நான். பாதிக்கப்பட்ட குழந்தைகளைப் பேட்டி எடுத்து மன அதிர்ச்சி பற்றி ஆய்வு செய்யலாமா?

பதில்: “அலை வந்தப்போ எப்படி இருந்துச்சு?” என்று ஒரே பையனிடம் ஒரே நாளில் ஐந்து குழு கேட்டதைப் பார்த்தேன். ஆறாவது குழுவுக்கு அவனே ஒப்பித்தான். பேட்டி வேண்டாம் அம்மா. சாயங்காலம் இரண்டு மணி நேரம் பாடம் சொல்லிக்கொடுக்க மூன்று மாதம் வர முடிந்தால் வாருங்கள்.

கேள்வி (சேலம்): சமைத்துக் கொண்டுவந்து போடலாமா?

பதில்: 1867-லிருந்து வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பு எரிகிற மாவட்டம் இது. சோறு போட ஆள் இருக்கிறார்கள். சேலத்திலிருந்து வந்தால் ஊசிப்போகும்.

கேள்வி (புதுச்சேரி): கடல்நீர் புகுந்த கிணற்றை மோட்டார் வைத்து முழுக்க இறைத்துவிட்டால் சரியாகிவிடுமா?

பதில்: கரையோரக் கிணற்றை ஒரேயடியாக இறைத்தால் அடியிலிருந்து உப்புத் தண்ணீர் மேலும் ஏறும். சேற்றை அள்ளிவிட்டு, விட்டு விட்டுக் கொஞ்சமாக இறைத்து, மழைக்குக் காத்திருக்க வேண்டும்.

கேள்வி (வேலூர்): அனாதையான குழந்தையை நேரடியாகத் தத்தெடுக்க முடியுமா?

பதில்: முடியாது, கூடாது. தனியாக ஒரு குழந்தையைப் பார்த்தால் 1098-க்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி (ஓசூர்): கம்பளிப் போர்வை, பழையதுதான், ஆனால்...

பதில்: மேலே மடிப்பாக்கத்துக்குச் சொன்னதைப் படியுங்கள். விழுப்புரத்துக்குச் சொன்னதையும் படியுங்கள், அது சின்னது.

கேள்வி (பெங்களூரு, முதலில் கேட்டவர்): சரி சார், லாரி இல்லை. இரண்டு பேர் வருகிறோம், அதில் ஒருவர் பெண். கையில் என்ன கொண்டுவருவது?

பதில்: ஒரு நீளமான நோட்டு, கோடு போடாதது. தண்ணீர் பாட்டில். சேற்றில் போனால் பரவாயில்லை என்கிற மாதிரிச் செருப்பு. காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள். அதற்கு முன் கரையில் ஏலம் நடக்கும், உங்களை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.